கதவடியில் ஒட்டிய தார்

அப்பாவின் காரை இழுவை வண்டியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கிய அண்ணன், சாவியை அவள் கையில் திணித்தான்.

"உன் பங்குக்கு இதான். அவர் போன மறுநாளே பேட்டரிய கழட்டிட்டேன். நாலு மாசமா ஷெட்ட விட்டு ஒரு இஞ்சு நகரல. வித்துக்கோ, வெச்சுக்கோ, உன் இஷ்டம். ஆனா கதவடியெல்லாம் எங்கயோ தார அப்பிக்கிட்டு வந்திருக்காரு மனுஷன். மொதல்ல அத எடு."

பள்ளிக்கூட ஆய்வகத்தில் பதினோரு வருஷமாகக் குடுவை கழுவுகிறவளுக்குத் தார் எம்மாத்திரம்? அண்ணன் போனதும், மத்தியானச் சாப்பாடு முடிந்து கணவன் குறட்டைவிடத் தொடங்கிய நேரத்தில், மண்ணெண்ணெயும் பழைய பனியன் துணியுமாக முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிளேடு வைத்துச் சுரண்டினால் பெயின்ட்டும் கையோடு வந்துவிடும். நனைத்த துணியைத் தாரின் மேல் ஒத்திவைத்துக் கொஞ்சம் பொறுத்தால் தானே இளகும்.

பொறுக்கவே வேண்டியிருக்கவில்லை. துணி படுமுன்பே கட்டைவிரல் தாருக்குள் அமிழ்ந்தது. நாலு மாசத் தார் கல்லாக அல்லவா இறுகியிருக்க வேண்டும்? துடைத்த துணியைப் பிரித்துப் பார்த்தாள். கறுப்புக்குள் பொடிப்பொடியாகச் சிவப்புக் கல்.

போன வாரம் அவர்கள் தெருவுக்குத் தார் போட்டபோது கருங்கல் ஜல்லி தீர்ந்துபோய், சிவப்புக் கல்லைக் கலந்து ஒப்பேற்றியிருந்தார்கள். "தெருவுக்கு அம்மை போட்டிருக்கு" என்று எதிர்வீட்டுத் தையல்காரர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வண்டியை இறக்கும்போது ஒட்டியிருக்குமோ? எழுந்துபோய்ச் சாலையைக் குதிகாலால் அழுத்திப் பார்த்தாள். காய்ந்து இறுகிக் கிடந்தது.

"என்னம்மா, பெரியவர் ஒருவழியா உள்ள வந்துட்டாரா?" தையல்காரர் கழுத்தில் அளவு டேப்போடு தெருவைக் கடந்து வந்தார்.

"யாரு?"

"இந்தக் கார்ல வந்தவருதான். போன செவ்வாய்க்கிழம, தார் காயறதுக்குள்ள வந்து உங்க வாசல்ல நிறுத்திட்டாரு. ரோடு போடற மேஸ்திரி தொண்டை கிழியக் கத்தறாரு, அவரு காதுலயே போட்டுக்கல. உங்க கதவையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. உள்ள போங்களேன்னேன். 'வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா'ன்னாரு."

"எப்படி இருந்தாரு?"

"ஒல்லியா, நரச்ச மீசை. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் ஒடிஞ்சு வெள்ள நூல் சுத்தியிருந்துச்சு. நம்ம கண்ணு நூலத்தானே மொதல்ல பாக்கும்!"

அந்த நூலைச் சுற்றியவள் அவள்தான். கடைசியாக அவரைக் கிடத்தியிருந்தபோது கண்ணாடி ஒடிந்திருப்பதைப் பார்த்து, யாரிடமோ நூல் வாங்கிச் சுற்றி, அவர் முகத்தில் மாட்டிவிட்டாள். கண்ணாடியும் அவரோடு சேர்ந்து எரிந்துபோயிற்று.

அம்மா ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தும் அவளுக்குச் சேதி சொல்லவில்லை அவர். "நீ பயந்துடுவேன்னுதான்மா" என்று பத்தாம் நாள் அம்மா இறந்த சேதியோடு வந்து நின்றவரை, "இனிமே என் வாசப்படி ஏறாதீங்க" என்று விரட்டினாள். ஆறு வருஷம் ஏறவில்லை. எத்தனை தடவை வாசல்வரை வந்து திரும்பினாரோ, யார் கண்டது?

மறுபடி உட்கார்ந்து, நாலு கதவடியையும் சக்கர வளைவுகளையும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்தாள். சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை.

பிறகு கணவனை எழுப்பினாள். "வண்டிய உள்ள தள்ளணும், வாங்க."

"விக்கப்போற வண்டிய எதுக்கு உள்ள தள்ற?"

"விக்கல."

இரும்புக் கதவை இரண்டு பக்கமும் மலரத் திறந்துவைத்தாள். வாசல் சரிவில், தையல்காரரும் கைகொடுக்க, மூன்று பேர் மூச்சைப் பிடித்துத் தள்ளியும் கார் அசையவில்லை. ஹேண்ட்பிரேக் விட்டுத்தான் இருந்தது. கணவன் இரண்டு தரம் பார்த்துவிட்டான்.

அவள் டிரைவர் பக்கம் போய்க் கண்ணாடியருகே குனிந்தாள். ஆறு வருஷமாகத் தொண்டைக்குள் கிடந்தது மெல்ல வெளியே வந்தது.

"வாங்கப்பா. உள்ள வாங்க."

யாரும் கை வைக்குமுன் கார் சரிவில் ஏறி, இரும்புக் கதவுக்குள் நுழைந்து, முற்றத்து வேப்பமர நிழலில் போய் நின்றது. தையல்காரர் டேப்பை இறுகப் பிடித்தபடி தன் வீட்டுக்குத் திரும்பியவர், அதன்பின் பெரியவரைப் பற்றிப் பேச்செடுக்கவே இல்லை. கணவன் மட்டும் சரிவில் ஏதோ கோளாறு என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

பேட்டரி இல்லாமல் கார் அங்கேயே நிற்கிறது. சில நாள் விடிகாலையில், வெயில் எழுமுன், அதன் பானெட் சூடாக இருக்கும். வேலைக்குக் கிளம்புகிறவள் அதில் உள்ளங்கையை வைத்து, சூடு ஆறும்வரை நின்றுவிட்டுப் போகிறாள்.