வெர்னெட் கேட்டதும் கோல்பி சொன்னதும்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. பால்டிமோர் நீதிமன்றத்தில் ஜூரிக் கடமைக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களில் ஒருவராக, என்னை அழைத்திருந்தார்கள். பெயரைக் கூப்பிடும்வரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு பெண்மணி தன் இளம் வக்கீலிடம் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும். பெயர்களும் மனதுக்குள் ஓடியவையும் என் கைச்சரக்கு.

2

தொடக்கங்கள்:

"சில்வெஸ்டர் தன் மனைவியை முதன்முதலில் அடித்தது ஒரு" [வேண்டாம். முதல் வரியிலேயே அடி விழுந்தால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்பது என் கணக்கு. அடி அந்த மனைவி வெர்னெட்டுடையது. சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும்.]

"வாயை மூடிக்கொண்டிருக்க டெலீசாவுக்குச் சம்பளம் கொடுத்தார்கள்." [இது தேவலை. இருக்கட்டும்.]

டெலீசா நீதிமன்றங்களில் வெளுத்து வாங்கியவள். இப்போது ஒரு சட்டக் கல்லூரியின் இலவச கிளினிக்கில் கற்பிக்கும் ஃபெலோ, அதாவது மாணவர்களின் வழக்குகளை மேற்பார்க்கும் ஆசிரியை. (பெயர்தான் கிளினிக். ஊசி மருந்து கிடையாது. வீட்டில் அடிபட்டவர்களுக்கு மாணவர்களே வழக்காடும் இடம்.) மாணவன் பேசுவான், அவள் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். மாணவன் ஏதாவது கேட்டால் பதிலுக்குக் கேள்வி கேட்டு அவனையே யோசிக்க வைக்க வேண்டும். மாணவனும் வழக்குக்காரரைத் தன் பக்கம் இழுக்கக் கூடாது. வழிகளை விரித்துவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வாழ்க்கை அவருடையது. டெலீசா இதை மனதார நம்பினாள். நாக்குதான் அரித்துக்கொண்டே இருந்தது.

3

கோல்பி அவளுடைய மாணவன். முதல் வரைவில் அவனை அசடாக எழுதியிருந்தேன். அநியாயம், அந்த வரிகளை அடித்துவிட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. வினையே அதுதான்.

வெர்னெட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள். கணவன் சில்வெஸ்டர் தன்னை நெருங்கக் கூடாது என்று உத்தரவு கேட்டு வந்திருந்தாள். அன்று காலை அவனுடைய வக்கீல் தாழ்வாரத்திலேயே ஒரு பேரம் வைத்தார்: உத்தரவுக்குச் சில்வெஸ்டர் சம்மதிப்பான், ஆனால் அடித்தான் என்று எங்கேயும் பதிவாகக் கூடாது. ஒப்புக்கொண்டால் பாதுகாப்பு நிச்சயம். மறுத்தால் உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நீதிபதி நம்பாவிட்டால் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். அந்த வீட்டின் சாவி ஒன்று சில்வெஸ்டரிடமும் இருக்கிறது.

கோல்பி இரண்டு வழிகளையும் பாரபட்சமில்லாமல் எடுத்துச் சொன்னான். வெர்னெட் முழுக்கக் கேட்டாள்.

"அதெல்லாம் சரி கண்ணு. நா சொன்னத நீ நம்புறியா?"

கோல்பி பக்கத்தில் இருந்த டெலீசாவைப் பார்த்தான். "அது... ஏன் அப்படிக் கேக்கணும்னு தோணுது, மிஸ் வெர்னெட்?"

பாடம் அட்சரம் பிசகாமல் வந்தது. சொல்லிக்கொடுத்தவள் டெலீசாதான்.

வெர்னெட் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அந்த வக்கீலக் கூப்பிடு, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். நம்ம ஆளே நம்பல. நீதிபதியா நம்பப்போறாரு?" *

* பேரத்துக்கு ஒப்புவது கோழைத்தனமில்லை. யோசித்து ஒப்பியிருந்தால் டெலீசாவே பேனாவை நீட்டியிருப்பாள். இது யோசனையில்லை. மனம் விட்டுப்போனது.

[இந்த இடத்தில் பல நாள் நின்றுவிட்டேன். டெலீசா "நாங்க நம்புறோம்" என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் உள்ளே வெர்னெட்டைப் பார்த்துக் கேள்வி கேட்கப்போகிறவன் கோல்பி. அவன் வாயிலிருந்து வராத நம்பிக்கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?]

"கோல்பி," என்றாள் டெலீசா. "கேட்டது உன்னைய. பதில் சொல்லு."

"ஆனா நீங்கதானே, வழக்குக்காரங்கள..."

"நா சொல்லிக்குடுத்தத நா பாத்துக்கறேன். நீ சொல்லு."

"நம்புறேன்," என்றான். "முதல் நாளே நம்பிட்டேன். சொன்னா உங்கள ஒரு பக்கமா தள்ளுன மாதிரி ஆயிடுமோன்னு பயந்தேன்."

வெர்னெட் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"என்னைத் தள்ளுறதா? பனியில சறுக்குற பஸ்ஸ, நண்டும் சிண்டுமா அத்தன பிள்ளைங்க கத்த, நேரா ஓட்டுறவ நான். இந்த ஒரு வார்த்தைய இத்தன நாள் எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?" கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அந்த வக்கீல்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. நடந்தத நானே சொல்றேன்."

"தோத்துட்டா..." என்று கோல்பி தொடங்கினான்.

"சாவி அவன்கிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாதா? வா."

டெலீசாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வாதத்தில் சிங்கங்களைப் பார்த்திருக்கிறாள். தானும் கொஞ்சம் கர்ஜித்திருக்கிறாள். தன் வீட்டையும் உயிரையும் பணயம் வைத்து, உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று ஒரு பெண் கதவை நோக்கி நடப்பதற்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம்? வணங்கத் தோன்றியது. பேசாமல் பின்னால் போனாள். இந்த முறை நாக்கு அரிக்கவில்லை.

4

முடிவு அ: நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "நான் நம்பு" [கைதட்டலுக்காக எழுதியது.]

முடிவு ஆ: நீதிபதி கோப்பை மூடிவிட்டு, "போதிய ஆதாரம் இல்" [என்னால் முடியவில்லை.]

உள்ளது இதுதான். கதவு சாத்திக்கொண்டது, என் பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன். மேலே எழுதத் தெரியாமல் இல்லை. அவள் தன் வாயால் சொல்லப் போனதை நான் முந்திக்கொண்டு சொல்வது முறையில்லை.

வெர்னெட் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நீதிபதியின் நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். தன் கதையை முடித்துவிட்டு நிமிர்ந்து, கோல்பியிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்பாள்.

ஏன் கேட்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.