ஒற்றை ஷூ

'டங்' என்று செல்போனில் மணி அடித்தது. ஓவியர் பதறிக்கொண்டு கண்ணைத் திறந்தார். பத்து நிமிடத் தியானம் முடிந்துவிட்டதாம். மூச்சைக் கவனிக்கச் சொன்னார்கள். அவர் குறட்டை விட்டிருந்தார்.

இருபத்தாறு வருடமாக ஒரு வாரப் பத்திரிகைக்குப் படம் போடுகிறவர். ஆபீசில் எல்லோருக்கும் 'கோடு சார்'. அடுத்து வருவது மன அமைதிச் சிறப்பிதழ். அட்டைக்குத் தியானம் செய்கிற பெண்முகம் வேண்டும். இரண்டு வரைந்து அனுப்பினார். இரண்டும் போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டன.

"முதல் பொண்ணு தூங்கறா. ரெண்டாவது பொண்ணு பற்பசை விளம்பரத்துக்குச் சிரிக்கறா," என்றார் ஆசிரியர் நேற்று போனில். "நாளைக்குப் பதினொரு மணி, கோடு சார். இல்லைன்னா கம்ப்யூட்டர்லயே போட்டுக்கறோம். இனிமே எல்லா அட்டையும் அப்படித்தான்."

அந்த 'இனிமே' முள்ளாய்க் குத்தியது. தியானம் செய்தால் கற்பனை ஊற்றெடுக்கும் என்று யாரோ சொல்ல, அட்டை வேலை வந்ததிலிருந்தே மூன்று நாளாகக் காலையில் சம்மணம் போடுகிறார். ஊற்றும் இல்லை, சொட்டும் இல்லை. முழங்கால் வலிதான் மிச்சம்.

மணி எட்டரை. கடைசியாக ஒரு தடவை. இந்த முறை தூங்கிவிடாமலிருக்கக் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டார். மூச்சு உள்ளே, மூச்சு வெளியே.

கதவு திறந்தது. மனைவி. பார்சல் கம்பெனியில் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர்.

"சாமியார் உட்கார்ந்தாச்சா? நடத்துங்க, நடத்துங்க."

வாசலோர ஸ்டூலில் உட்கார்ந்து வலது ஷூவைக் கழற்றினாள். அத்தோடு நின்றுவிட்டாள். கழற்றிய ஷூ மடியில், முதுகு சுவரில், கண்கள் மூடியிருந்தன.

மற்ற நாளென்றால் வரைபலகையிலிருந்து தலையைத் தூக்காமலே "வந்துட்டியா?" என்பார். இன்று மூச்சைத் தவிர வேறு வேலை இல்லாததால் அவளைப் பார்த்தார். அவள் மூச்சு ஏறி இறங்க இறங்க, நெற்றிச் சுருக்கம் மெல்ல அவிழ்ந்தது.

ஓசைப்படாமல் பென்சிலை எடுத்தார். கை பழக்க தோஷத்தில் உதட்டோரத்தை மேலே வளைத்தது. அமைதி என்றால் புன்னகை, அதுதானே இத்தனை வருடப் பாடம்! நிமிர்ந்து பார்த்தார். அங்கே புன்னகை எதுவும் இல்லை. அழித்தார். உதடுகள் சற்றே பிரிந்தபடி, இருந்தது இருந்தபடியே போட்டார்.

படம் பதினொன்றுக்குள் போய்ச் சேர்ந்தது. உடனே போன்.

"அடடா! இதுதான் சார் தியானம்! யார் சார் இந்தம்மா? எத்தனை வருஷப் பயிற்சி?"

"எங்க வீட்டம்மாதான்." ஓவியருக்கு வாயெல்லாம் பல். "அடுத்த அட்டையும் நீங்கதான்," என்று சொல்லி வைத்தார் ஆசிரியர்.

போன் சத்தத்தில் எழுந்து வந்த மனைவி, படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்கே பாரு! அப்போ மனசுல என்னதான் ஓடிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார் ஓவியர்.

அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"இன்னொரு ஷூவையும் கழட்டணுமா, இல்ல கழட்டினதைத் திரும்ப மாட்டிக்கிட்டு எங்கேயாவது போயிடலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேங்க."