ஓரக்கண் எழுதியது

என் அண்ணனைக் கொலைகாரன் என்று முதலில் சொன்னவர் 'பூதக்கண்ணாடி'. அது ஆணா பெண்ணா, கிழமா குமரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கைப்பேசியில் 'முடிச்சு' என்று ஒரு குழு, அதில் ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயர் அது. போலீஸால் முடிக்க முடியாத வழக்குகளை இவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே அவிழ்த்துவிடுவார்களாம். சொந்த வீட்டில் காணாமல்போன சாவியைத் தேடித்தர வக்கில்லாதவர்கள்தான் அதில் பாதிப் பேர் இருப்பார்கள்.

அண்ணி மாடிப்படியின் அடியில் கிடந்தாள். பின்மண்டையில் அடி. வழுக்கி விழுந்தாளா, யாராவது தள்ளினார்களா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவ அறிக்கை கைவிரித்துவிட்டது. அந்த நேரத்தில் கடையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன் என்றான் அண்ணன். வழியில் அவனைப் பார்த்தவர் யாரும் இல்லை. போலீஸிடம் இருந்தது அவ்வளவுதான். குழுவிடம் கூடுதலாக ஒரு வீடியோ இருந்தது. அண்ணியை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது யாரோ மேல்மாடியிலிருந்து எடுத்தது. அதில் அண்ணன் ஓரமாக நின்று தன் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

"பொண்டாட்டி போறா, இவரு கண்ணாடியப் பளபளன்னு தேய்க்கிறாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று எழுதினார் பூதக்கண்ணாடி. அன்றைக்கே அது ஊரெல்லாம் பரவிவிட்டது.

அண்ணன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவன். மனம் கலங்கினால் அவன் கை தானாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போய்விடும். கல்யாண ஃபோட்டோவிலேயே துடைத்துக்கொண்டுதான் நிற்கிறான். அண்ணி அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டி, "மாப்பிள்ளைக்கு என்னைப் பார்த்ததும் கண்ணே தெரியலை" என்று சிரிப்பாள். இதையெல்லாம் பூதக்கண்ணாடியிடம் யார் போய்ச் சொல்வது?

கண்ணில் ஒரு கோளாறும் இல்லாதவர்கள் அவனைப் பார்ப்பதற்கென்றே கடைக்கு வர ஆரம்பித்தார்கள். "கொஞ்சம் அடங்கட்டும்பா" என்று முதலாளி அவனைப் பின்னறைக்கு அனுப்பினார். அண்ணன் தன் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "இத நீயே வெச்சுக்கோ, எனக்கு வேணாம்" என்றான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டோடு வந்துவிட்டேன். தட்டில் போட்டதைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவான். இவனும் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று பயந்தேன்.

குழுவில் சேர்ந்தேன். ஓரக்கண் என்று பெயர் வைத்துக்கொண்டேன். 'ஆதாரம் இல்லாமல் ஒருவரை இப்படிப் பேசலாமா' என்று நாகரிகமாகத்தான் கேட்டேன். "வந்துட்டாப்பா கொலைகாரனோட தங்கச்சி" என்று ஒருவர் விளையாட்டாகப் போட, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

என் பிழைப்பு புகார்களுக்குப் பதில் எழுதுவது. இணையத்தில் பொருள் விற்கும் நிறுவனம். உடைந்த மிக்ஸி, அளவு மாறிய சட்டை, வராத பார்சல், எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஆத்திரத்தில் இருப்பவரோடு வாதாடக் கூடாது, அவருடைய ஆத்திரத்துக்கு வேறு ஒரு முகவரியைக் கொடுத்துவிட வேண்டும். பொருள் நல்லதுதான், கொண்டுவந்தவர் கீழே போட்டிருக்கலாம் என்று எழுதினால் போதும். மனிதர் எங்களை விட்டுவிட்டுக் கொண்டுவந்தவரைத் திட்டுவார். இதில் நான் கெட்டிக்காரி. அலுவலகத்தில் கைதட்டிப் பரிசுக் கோப்பை கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, குழுவில் இதை எழுதினேன்:

"எல்லாரும் புருஷனையே பாக்கிறோம். உடம்ப முதல்ல தொட்டது யாரு? எதிர்வீட்டு நர்ஸ். உடுப்பு இடுப்பு வரைக்கும் ஏறி, கால் ரெண்டும் கோணிப்போய்க் கிடந்தவளை, போலீஸ் வர்றதுக்குள்ள இழுத்து நேராக்கி, தன்னோட ஸ்வெட்டரைப் போட்டு மூடியிருக்காங்க. ஏன்? எதை மறைக்க?"

ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நர்ஸ் அக்காவே என்னிடம் சொன்னதுதான். வேலை முடிந்து வந்தவர், அண்ணியைப் பார்த்ததும் கையிலிருந்த பையை எறிந்துவிட்டு ஓடி நாடி பார்த்திருக்கிறார், மூச்சு திரும்புமா என்று நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு எங்கள் சமையலறையில் டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "உங்கண்ணன் வர்ற நேரம்மா. அந்தக் கோலத்துல அவர் பாத்துரக் கூடாதுன்னு இழுத்துவிட்டு மூடினேன். போலீஸ்ல அந்தப் பொம்பளை அதிகாரிகிட்ட மட்டும் சொல்லிட்டேன். உங்கண்ணன்கிட்ட, அவ தூங்குற மாதிரி இருந்தான்னுதான் சொல்லியிருக்கேன். நீயும் சொல்லிராதே" என்று சொல்லி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் விசும்பி விசும்பி அழுதார்.

குழு லபக்கென்று கவ்விக்கொண்டது. நர்ஸுக்கு எந்த நரம்பில் தட்டினால் ஆள் விழும் என்று தெரியும் என்றார் ஒருவர். துணி காயப்போடும் கயிற்றுக்கு இரண்டு வீட்டுக்கும் சண்டையாம், கூடவே இருந்து பார்த்தவர்போல் எழுதினார் இன்னொருவர். நர்ஸையும் அண்ணனையும் சேர்த்துவைத்துப் பேச ஒருவர் வாயைத் திறந்தார். அதை மட்டும் நானே முன்னால் நின்று அமுக்கினேன். பூதக்கண்ணாடி என்னைப் பாராட்டி எழுதினார், "ஓரக்கண், உங்க மூளையே மூளை."

கொஞ்ச நாளில் கடையில் வேடிக்கைக் கூட்டம் ஓய்ந்தது. முதலாளி அண்ணனை முன்பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். அன்று அவன் இரண்டாம் தடவை சோறு கேட்டான். நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைத்தால் நான் இங்கே எழுதுகிற மற்றதற்கெல்லாம் மதிப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நர்ஸ் அக்கா கதவைத் தட்டினார். கையில் வெள்ளைத் தாளும் பேனாவும். முகம் ஒட்டி, பாதியாக இளைத்திருந்தார். அண்ணன் கடையில் இருந்தான்.

"நீ பதில் எழுதுற வேலைதானேம்மா பாக்குற? எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றார். "எவனெவனோ ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்றானாம், கொலைகாரிய ஏன் வேலைக்கு வெச்சிருக்கீங்கன்னு. போன வாரம் ஒரு கிழவி, நீ எனக்கு ஊசி போடாதேன்னு கையை இழுத்துக்கிட்டா. விளக்கம் எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருன்னுட்டாங்க."

அடுக்களையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டேன். பேனாவை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"ஏன் தொட்டேன், ஏன் மூடினேன்னு கேக்குறாங்க. அவ கிடந்த கோலத்தைச் சொல்லாம எழுத முடியுமா? நாலு மேசை தாண்டிப் போற காகிதம். நாலு பேரும் படிப்பான். அவ மானத்தை ஏன் சந்தி சிரிக்க வைக்கணும்? அதைச் சொன்னாத்தான் வேலை நிலைக்கும்னா, வேலை போகட்டும்மா."

அவர் தன் வேலையைக் கொடுத்தாவது மூடப் பார்க்கிற ஒன்றை, நான் டப்பா சோற்றுக்கு நடுவே நாலு வரியில் திறந்துபோட்டிருக்கிறேன்.

"அந்தக் குழுவுல யாரோ பக்கத்துல நின்னு பாத்த மாதிரியே எழுதியிருக்காங்களாம்" என்றார். "நான் படிக்கலை. என் தங்கச்சி மகதான் சொன்னா."

"நான்தான்கா எழுதினேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. விளக்கத்தின் முதல் வரியைச் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, தாளைப் பார்த்தார். நான் மறுபடி சொன்னேன். அண்ணனை விட்டால் போதும் என்று இருந்தேன், அதனால் உங்களைக் காட்டிக்கொடுத்தேன் என்றேன்.

அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார். "அன்னைக்கு இதே அடுக்களையில நின்னு அழுதேனே. அதையும் எழுதினியா?"

"இல்லக்கா."

"அது ஏன் எழுதலை?"

அழுததை எழுதியிருந்தால் யாரும் அவரைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். தெரிந்துதான் விட்டேன். அவர் தாளை எடுத்து மடித்தார், பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார், போய்விட்டார். எதிர்வீட்டுத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

ஓரக்கண் யார், எதற்காக அப்படி எழுதினாள் என்று குழுவில் போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தங்கச்சி அண்ணனைக் காப்பாற்றத்தானே பழியைத் தூக்கி வேறு ஆள்மேல் போட்டாள், அப்படியானால் அண்ணன்தான் என்பார்கள். அவனைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. நேரே கடைக்குப் போனேன்.

லென்ஸ் தேய்க்க உள்ளே போயிருக்கிறான் என்று முதலாளி பின்னறையைக் காட்டினார். அண்ணன் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலைத் தள்ளி எனக்குப் போட்டான். சொன்னேன். ஓரக்கண் யார் என்பதை, நர்ஸ் அக்காவை மாட்டிவிட்டதை, அவர் வேலை ஊசலாடுவதை. உளறிக் கொட்டினேன். அவன் மேசையில் சிதறியிருந்த கண்ணாடித் தூளை விரலால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"போடு. இப்பவே போடு" என்றான் கடைசியில். "என்னைப் பேசுறவன் பேசிட்டுப் போறான். அந்தம்மா நம்ம வீட்டுக்காக ஓடி வந்தவங்கடி. அவங்க கால்ல விழுந்தாலும் தீராது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஆனாலும் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அவன் முன்னாலேயே எழுதினேன், என் பெயரைப் போட்டு, என் படத்தையும் போட்டு. அனுப்பிவிட்டேன். பூதக்கண்ணாடியின் பதில் உடனே வந்தது. நான் படிக்கவில்லை.

"நர்ஸம்மாவைப் பத்தி அப்படி என்னதான் எழுதின? காட்டு."

"வேணாம்ணே."

"காட்டுடி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்கண்ணனுக்குச் சொல்லிராதே என்று அந்த அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். கைப்பேசியைப் பின்னால் மறைத்தேன். அண்ணன் சின்னப் பிள்ளையிடம் வாங்குவதுபோல என் விரல்களைப் பிரித்து எடுத்துக்கொண்டான்.

படித்தான். திரும்பவும் மேலேயிருந்து படித்தான்.

"தூங்குற மாதிரி இருந்தான்னாங்களே" என்றான். "இப்படியா கிடந்தா?"

அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை. மேசைமேல் அந்தத் தூளிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.