சத்தம் கேட்டால் ஓடி வருவாள்

பழத்தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவளுக்கு ஒரே மகள். வயது மூன்று, வாய் மட்டும் முப்பது. எல்லாருக்கும் அவள் வாண்டு. அப்பா நெடுந்தூர லாரியில் ஏறினால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது நாத்தனார்.

வீடு தோட்டத்தின் ஓரத்திலேயே இருந்தது. டிராக்டருக்குப் பின்னால் புல்வெட்டும் இயந்திரம் மாட்டாத நாட்களில் மகளை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாள். ஸ்டியரிங்கைப் பிடிக்கும் பிஞ்சுக் கைகள், குலுங்கலிலேயே சொக்கிப்போகும் உடம்பு. பெற்றவள் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா என்றிருந்தாள்.

அன்று புல்வெட்டி மாட்டியிருந்தது. வரிசை முடிந்து வண்டியைப் பின்னுக்கு எடுக்கப் போனபோது, தலைத்துண்டு ஒரு கிளையில் சிக்கியது. விடுவிக்கத் திரும்பினாள். புல்வெட்டிக்குப் பின்னால், ஓரடி தள்ளி, வாண்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். "ம்மா, தூக்கு" என்று வாய் அசைந்தது. இரைச்சலில் குரல் கேட்கவில்லை.

எஞ்சினை அணைத்ததும் இறங்கியதும் அவளுக்கே நினைவில்லை. குழந்தையை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "துணி காயப்போடத்தான் திரும்பினேன், அண்ணி! கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள..."

"உன்ன என்ன சொல்ல இருக்கு? சத்தம் கேட்டா மடி கிடைக்கும்னு பழக்கிவிட்டது நான்தானே. அதான் ஓடி வந்திருக்கா."

அன்றோடு சவாரி நின்றது. தோட்ட முதலாளியிடம் கேட்டு வீட்டைச் சுற்றிக் கம்பிவலை போட்டார்கள். வலைக் கதவில் வாண்டுக்கு எட்டாத உயரத்தில் கொண்டி. எஞ்சின் அணைந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அம்மா நடந்து வந்தால்தான் கதவு திறக்கும்.

வாண்டு வலையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழிய அழுதாள். ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் தாய் நேரே பார்த்தபடி வண்டியை ஓட்டினாள்.

"ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்களேன் அண்ணி, பாக்கவே பாவமா இருக்கு."

"இன்னைக்கு ஒரு ரவுண்டு போனா, நாளைக்கும் ஓடி வருவா. அழட்டும். அழுதா தேத்திக்கலாம்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டியில் ஏறினால் மடி வெறிச்சென்று கிடந்தது.

அழுகை கோபமாகி, கோபமும் நாளடைவில் தணிந்தது. ஒருநாள் வண்டி வீட்டைக் கடந்தபோது, வாண்டு குந்தி உட்கார்ந்து வாளியில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எந்நேரமும் தாய் வேண்டிக்கொண்டதும் இதைத்தான். ஆனாலும் ஹாரனை ஒரு தட்டுத் தட்டலாமா என்று கை போனது. இழுத்துக்கொண்டாள்.

மதியம் வண்டியை ஷெட்டில் விட்டு, கைகால் கழுவி, கதவைத் திறந்து உள்ளே வந்தாள். படியில் உட்கார்ந்து மடியைத் தட்டினாள். "வாடி என் ராசாத்தி. இப்ப வா."

வாண்டு வந்து ஏறினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "ம்மா, குலுங்கவே மாட்டேங்குது!"

"இது உக்கார்ற மடிடா கண்ணு. ஊர் சுத்தற மடி இல்ல."

வாண்டு அதை யோசித்துப் பார்த்தாள். பிடிக்கவில்லை போலும், சறுக்கி இறங்கி வாளியிடம் ஓடிவிட்டாள். நாத்தனார் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டாள். மடியில் வாண்டு ஒட்டிவிட்டுப் போன மண்ணைத் தட்டிவிட மனமில்லாமல் தாய் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிட்டுக் கிளம்பும்போது கொண்டியைப் போட்டு, ஒருமுறை இழுத்தும் பார்த்துவிட்டு, ஷெட்டை நோக்கி நடந்தாள்.