சமுத்ராவின் இருமல்

என் இருமலுக்கு மூன்று பகுதிகள் உண்டு. முதலில் இரண்டு குட்டை இருமல், பிறகு ஒரு நெட்டை இருமல், கடைசியில் காற்றடைத்த பம்ப் தண்ணீர் கிடைக்காமல் இழுப்பது போல ஒரு சீழ்க்கை. நான் தண்ணீர் பம்ப் பழுது பார்க்கிறவன். அந்தச் சீழ்க்கையைக் கேட்டால் எந்த வால்வு சரியில்லை என்று என்னாலேயே சொல்லிவிட முடியும். எங்கள் சந்தில் ஒவ்வோர் ஆணின் இருமலும் அவனவன் குரலைப் போலத்தான். வருகிறவன் யாரென்று கதவைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

ஜோக்ஜா நகரில் ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் சந்து சென்ற ஆண்டு புகையில்லாச் சந்து ஆனது. சந்துத் தலைவி இபு வுர்யானி, அதாவது வுர்யானி அம்மா, வீடு வீடாக வந்து ஆண்களிடம் கையெழுத்து வாங்கினார். வீட்டுக்குள் புகைக்கக் கூடாது, சந்தில் கூடாது, கூட்ட மண்டபத்தில் கூடாது. இறகுப்பந்துத் திடலின் ஓரத்தில் தேன்பழ மரத்தடியில் ஒரு பெஞ்சு உண்டு. புகைக்கிறவர்கள் அங்கே மட்டும் புகைக்கலாம். அதற்குச் சாம்பல் மூலை என்று பெயர் விழுந்தது. முதல் கையெழுத்து என்னுடையது. அறிவிப்புப் பலகையைச் சுவரில் மாட்டியதும் நான்தான். சந்தில் துளைபோடும் மெஷின் வேறு யாரிடமும் இல்லை.

பலகை மாட்டிய பெருமிதத்தில், சிகரெட்டை ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று மனைவி லஸ்த்ரியிடம் சொல்லிவிட்டேன். அவள் சந்தையில் காய்கறி விற்கிறவள். அவளிடம் ஒன்றைச் சொன்னால் கத்தரிக்காயோடு அது ஊருக்கெல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு சாம்பல் மூலையில் போய் உட்காருவது? விடியுமுன் அவள் சந்தைக்குக் கிளம்பியதும், கொல்லைப்புறம் பறவைக் கூண்டுக்குக் கீழே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தினம் இரண்டு கிராம்பு சிகரெட். வாயில் கிராம்பு வாடை வருகிறதே என்று அவள் கேட்டபோது, பல்வலிக்குக் கிராம்பு வைத்திருக்கிறேன் என்றேன். இப்படியாக ஓராண்டு முழுக்க எனக்குப் பல்வலி.

பறவையின் பெயர் சமுத்ரா. கருப்பு உடம்பு, செங்கல் நிற வயிறு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடிய வால். சோலைப்பாடி இனம். இந்தப் பறவைக்குச் சொந்தப் பாட்டு கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கேட்டுப் பிடித்தது. சில்வண்டு, கிளி, மரங்கொத்தி எல்லாவற்றிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்துக் கோர்த்துக்கொள்ளும். எவ்வளவு கோர்க்கிறதோ அவ்வளவு மதிப்பெண். அது எப்போது நன்றாகக் கற்கும் தெரியுமா? கூண்டின் மேல் துணி போர்த்தியிருக்கும்போது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் புத்தி முழுவதும் காதுக்கு வந்துவிடும். இதை நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். துணி போர்த்திய கூண்டுக்குக் கீழே தினமும் உட்கார்ந்து புகைத்தபோது மட்டும் எனக்கு இது நினைவுக்கு வரவில்லை.

புகையில்லாச் சந்தின் முதலாண்டு விழாவுக்கு இபு வுர்யானி பறவைப் போட்டி வைத்தார். திடலில் இருபத்து நான்கு கூண்டுகள் தொங்கின. வேலிக்கு வெளியே சொந்தக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள். நடுவர்கள் கையில் சின்னக் கொடிகளோடு பேசாமல் நடப்பார்கள். பிடித்த பறவையின் கீழே கொடி நடுவார்கள். ஒரு நடுவர் சமுத்ராவின் கீழே வந்து நின்றார். அது வாலைத் தூக்கி, மரங்கொத்தியைப் பிரமாதமாக அடித்தது. அவர் கொடியை எடுத்தார். அப்போது சமுத்ரா நெஞ்சை நிமிர்த்தி, “க்ரெத்தெக்... தெக்...” என்றது. அதன் பின் இரண்டு குட்டை, ஒரு நெட்டை, கடைசியில் சீழ்க்கை.

நடுவர் தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவி, சிகரெட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு கொடியோடு அடுத்த கூண்டுக்கு நடந்துவிட்டார்.

“காங் சார்ஜோ!” என்னை அண்ணன் முறை வைத்து ‘காங்’ என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மார்சூடி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். “நீ இங்க நிக்கற, அங்க இருமறது யாரு?”

“போன வாரம் எனக்குச் சளிடா. அதக் கேட்டு...”

“ஒரே வாரத்துல சீழ்க்கை வரைக்கும் பிடிச்சிருச்சா? கெட்டிக்காரப் பறவைதான்!”

கூட்டம் சிரித்தது. லஸ்த்ரி சிரிக்கவில்லை. ‘பாக்’ என்றால் எங்களிடம் ஐயா. கோபம் வந்தால்தான் அவள் மரியாதை கூட்டி என்னைப் ‘பாக்னே’ என்பாள்.

“சளி பிடிச்சா இருமல் வரும், சரி. கிராம்பு வெடிக்குமா, பாக்னே?”

எங்கள் சிகரெட்டில் புகையிலையோடு கிராம்பையும் நறுக்கிக் கலப்பார்கள். நெருப்பு அந்தத் துணுக்குகளைத் தொட்டதும் உள்ளே இருக்கிற எண்ணெய் கொதித்து, பட்பட்டென்று வெடிக்கும். அந்தச் சத்தத்தைத்தான் சிகரெட்டுக்குப் பெயராக வைத்தோம், கிரெத்தெக் என்று. உலகத்தில் வேறெந்தச் சளிக்கும் அந்தச் சத்தம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்: “இதுக்கு எப்ப இறகு உதிரும்?”

“இன்னும் ரெண்டு வாரத்துல ஆரம்பிக்கும்.”

“உதிர்ற சமயத்துல கேக்கறதுதான் நிக்கும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பீங்களே?”

“ஆமா.”

“அப்ப யோசிச்சுக்குங்க. சோலோ ஊர்ப் போட்டிக்குப் பாடற பறவையக் கொண்டுபோகப் போறீங்களா, இருமறதையா? என் பேச்சுக்கு நீங்க விடல. அதோட பாட்டுக்காகவாவது விடறீங்களான்னு பாக்கறேன்.”

அவள் சொன்னது சரியான கணக்கு. இறகு உதிர்க்கும் இரண்டு மாதமும் சோலைப்பாடி வாய் திறக்காது. இருக்கிற தெம்பெல்லாம் புது இறகுக்குப் போய்விடும். வாய் மூடிக் கிடக்கும்போது காது வேலை செய்யும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் ஒரு நல்ல பாட்டுக்காரப் பறவையைக் குருவாக மாட்டுவோம். பழைய பாட்டில், மறுபடி காதில் விழாதது மங்கிவிடும். விழுந்தது அழுந்திப் பதியும். புது இறகு முளைத்த பிறகு, அடுத்த உதிர்வு வரை அதை மாற்ற யாராலும் முடியாது. போன தடவை என் சமுத்ராவுக்குக் குருவாக வாய்த்தது நான். இந்த இரண்டு மாதமும் இருமல் அதன் காதில் விழாவிட்டால் பறவை பிழைக்கும். இரண்டாம் தடவையும் விழுந்தால் ஆயுளுக்கும் இருமும். மூன்றாண்டு வளர்த்த போட்டிப் பறவை வெறும் வேடிக்கைப் பறவையாகிவிடும்.

முதல் இறகு கூண்டுத் தரையில் விழுந்த அன்று சிகரெட்டை நிறுத்தினேன். மார்சூடி வீட்டுக் கிளியை வாங்கிவந்து குருவாக மாட்டினேன். முதல் மூன்று நாள் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஒரு பம்பைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினேன். சூரியகாந்தி விதையைக் கொறிக்கலாம் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். லஸ்த்ரி ஓடிவந்து பிடுங்கினாள்.

“படக்குன்னு உடையுது பாருங்க. அது காதுக்கு அதுவும் கிராம்புதான்!”

கடைசியில் முழுக் கிராம்பையே வாயில் அடக்கிக்கொண்டேன். ஈரத்தில் கிராம்பு வெடிக்காது. ஆனால் பல்வைத்தியர் ஊசி போட்டதுபோல நாக்கை மரத்துப்போகச் செய்துவிடும். அந்த வாரம் என்னிடம் பம்ப் கொண்டுவந்தவர்களில் இரண்டு பேர், எனக்குப் பக்கவாதம் வந்துவிட்டதென்று லஸ்த்ரியிடம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதையெல்லாம் தாங்கியிருப்பேன். ஐந்தாம் நாள்தான் விபரீதம் தொடங்கியது. சிகரெட்டை விட்டதும் இருமல் கூடிவிட்டது!

சுகாதார நிலையத்து நர்ஸ் விளக்கியபோது எனக்குக் கோபம் வந்தாலும், அந்த ஏற்பாட்டின் அழகை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. மூச்சுக்குழாயின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் உண்டாம். துடைப்பம் போல அழுக்கை மேலே தள்ளிக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. புகை அவற்றை மயக்கிப் போட்டுவிடும். புகை நின்றதும் அவை விழித்துக்கொண்டு, இருபத்தைந்து வருடத்துக் குப்பையை மொத்தமாகக் கூட்ட ஆரம்பிக்கும். கூட்டிய குப்பை வெளியேற ஒரே வழி இருமல்.

“எத்தன நாளைக்கு?” என்று கேட்டேன்.

“சில பேருக்கு நாலு வாரம். உங்களுக்கு...” நர்ஸ் என் இருமலை ஒருமுறை முழுதாகக் கேட்டார். “கொஞ்சம் கூட ஆகலாம், பாக்.”

புகைத்தாலும் பறவை கெடும், விட்டாலும் கெடும். கொல்லையில் இருமினால் சமுத்ராவுக்குக் கேட்கும். வாசலில் இருமினாலும் கேட்கும். எங்கள் வீட்டின் நீளம் அவ்வளவுதான். தொண்டையில் முதல் அரிப்பு வந்ததும் வாயைத் துண்டால் அடைத்துக்கொண்டு ஓடுவேன். கூண்டுக்குக் கேட்காத தூரத்தில், யாரும் முகம் சுளிக்காமல் இரும ஊரில் ஒரே இடம்தான் இருந்தது. அது சாம்பல் மூலை.

அங்கே எப்போதும் ஆறேழு பேர் புகைத்துக்கொண்டிருப்பார்கள். சந்தில் கல்யாணப் பந்தல் எங்கே போடுவது, சாக்கடையை யார் தூர்வாருவது என்பதெல்லாம் மண்டபத்தில் அல்ல, அந்தப் பெஞ்சில்தான் முடிவாகும். நான் போய், இருமிவிட்டுத் திரும்புவேன். அந்த வாசனை சட்டையைப் பிடித்து இழுக்கும்.

எங்களிடம் ஒரு வழக்கம்: பெட்டியைத் திறந்தால் முதலில் பக்கத்திலிருப்பவரிடம் நீட்ட வேண்டும். நீட்டியதைத் தள்ளினால் நட்பையே தள்ளியதுபோல. இருபத்து மூன்றாம் நாள் மார்சூடி நீட்டினான்.

“எடுத்துக்க காங்.”

“வேணாம்டா. பறவை.”

“பறவை வீட்ல இருக்கு. நீ இங்க இருக்க. இங்கேருந்து அங்க கேக்குமா? நீதான் எல்லாத்துக்கும் கணக்கு போடறவனாச்சே, போட்டுச் சொல்லு.”

கணக்குப் போட்டேன். தூரம் நூற்றிருபது அடி, நடுவில் நான்கு சுவர். கேட்காது. ஒன்றை எடுத்துக்கொண்டேன். முதல் இழுப்பில் கிராம்பு வெடித்த சத்தத்துக்கு எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கணக்கில் நான் விட்டது துடைப்பங்களை. பாதி கூட்டிக்கொண்டிருந்தவை மறுபடி மயங்கிவிட்டன. குப்பை வழியிலேயே தங்கி, விடியற்காலையில் மொத்தமாகக் கிளம்பியது. தலையணையைக் கடித்தேன். போதவில்லை. தலையணையை வாயில் அழுத்தியபடியே, லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடினேன். சந்தைப் பெருக்கிக்கொண்டிருந்த இபு வுர்யானி துடைப்பத்தைக் குறுக்கே நீட்டி, என் முழுப்பெயரைச் சொல்லிக் கத்தினார்.

“பாக் சார்ஜோனோ! சந்துல புகைக்கக் கூடாதுன்னு பலகைய மாட்டினதே நீங்கதான்!”

“புகைக்கல இபு... இருமறேன்.”

“தலைகாணிக்குள்ளயா?”

“பறவை... கேட்டுரும்.”

அவர் துடைப்பத்தை ஒதுக்கி வழிவிட்டார். “ஓடுங்க, ஓடுங்க. அங்க போய் நல்லா இருமுங்க.”

அன்று மாலை நான் மூலைக்குப் போனபோது மார்சூடி பெட்டியைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினான். என் முறை வந்ததும் பெட்டியை மூடி, பையிலிருந்து ஒரு முழுக் கிராம்பை எடுத்து நீட்டினான். “தலைவியோட உத்தரவு. எடுத்துக்க, காங்.” வழக்கமும் கெடவில்லை, நானும் கெடவில்லை. அதன் பிறகு ஒன்றுகூடப் புகைக்கவில்லை.

அறுபத்து நான்காம் நாள் சமுத்ரா வாயைத் திறந்தது. நானும் லஸ்த்ரியும் கொல்லைக் கதவில் காதை வைத்து நின்றோம். மரங்கொத்தி வந்தது. சில்வண்டு வந்தது. கிளி வந்தது. நெஞ்சை நிமிர்த்தியபோது லஸ்த்ரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி மரங்கொத்திதான். ஒரு மணி நேரம் நின்றோம், இருமல் வரவில்லை. சோலோவில் நாற்பது பறவைகளில் மூன்றாவது கொடி எங்களுக்கு.

போட்டி முடிந்ததும் ஆண்களெல்லாம் பற்றவைத்தார்கள். யாரோ என் கையிலும் ஒன்றைத் திணித்தார். உண்மையைச் சொல்கிறேன், நான் மறுக்கவில்லை. காரணம் எளியது: புது இறகு முளைத்துவிட்டது, பாட்டு பூட்டிக்கொண்டது, இனி நான் என்ன செய்தாலும் அதற்குள் இருமல் நுழையாது. அடுத்த இறகு உதிர இன்னும் பத்து மாதம். அதற்கு இரண்டு மாதம் முன்பு நிறுத்தினால் போதும். மறுநாள் விடியலில் நிம்மதியாகப் புகைக்கலாம் என்று சிகரெட்டைக் காதோரம் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

கொல்லையில் சமுத்ராவின் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூண்டு தொங்கியது. உள்ளே வால் முளைக்காத ஒரு குஞ்சு, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

“என்ன இது?”

“சோலைப்பாடிக் குஞ்சு. பறவைச் சந்தையில வாங்கினேன்,” என்றாள் லஸ்த்ரி. “குஞ்சு எத்தன நாள் கத்துக்கும்?”

எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

“ஒரு வருஷம்,” என்றேன். “ராத்திரி பகல்னு இல்ல. காதுல விழறது எல்லாமே.”

“விக்கறவரும் அதையேதான் சொன்னாரு. அடுத்த வருஷம் இன்னொரு குஞ்சு தர்றேன்னும் சொல்லியிருக்காரு.”

என் காதோரம் கை நீட்டி அவள் சிகரெட்டை எடுத்தாள். அதைத் தூக்கிப் போடவில்லை. மார்சூடிக்குக் கொடுக்கச் சொல்லி என் கையிலேயே கொடுத்தாள். எனக்குத் தொண்டையைக் கனைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. குஞ்சு இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கனைப்பை அடக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைத் திறந்து, சாம்பல் மூலைக்கு நடந்தேன்.