லக்சம்பர்க்கில் ஓர் அன்னதானம்

“ஒரே நாள்ல நாலு தேசம் பாத்த மாதிரி இருந்துச்சு அக்கா!” என்றாள் ராஜலட்சுமி. தட்டில் வந்த தோசையை இன்னும் தொடவில்லை. “வடக்க போனா மலை, காடு, உச்சியில கோட்டை. அங்கேருந்து இறங்கினா வீட்டு உசரத்துக்குப் பாறை, நடுவுல ஒரு ஆள் ஒடுங்கிப் போற சந்து. கிழக்க ஆத்தங்கரை முழுக்கத் திராட்சை. தெற்க மண்ணு செக்கச்செவேல்னு நம்ம பண்ருட்டிப் பக்கம் மாதிரி. இத்தனைக்கும் அந்த நாடு நம்ம ஜில்லா அளவுகூட வராது.”

“என்னமோ போ. நாப்பது வருஷமா பாரிஸ்ல கெடக்கேன், நான் எட்டிப் பாத்ததில்ல. நீ வந்து மூணு மாசத்துல முழு லக்சம்பர்க்கையும் சுத்திட்டு வந்துட்ட” என்றாள் மர்கரீத்.

மர்கரீத் பாண்டிச்சேரிக்காரி, ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியர். ராஜலட்சுமியும் அவள் கணவர் கோவிந்தராஜனும் மகன் ராம்பிரசாத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். பாரிஸ் புறநகரான ஓல்னேயில் எல்லாருக்கும் ஒரே கட்டடம். மர்கரீத் மட்டும் இல்லையென்றால் பிரெஞ்சு தெரியாத ராஜலட்சுமி இந்த மூன்று மாதமும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பாள். அடுத்த வாரம் ஊருக்கு விமானம். அதற்குமுன் ஒருதரம் பாரிஸின் தமிழ்க் கடைவீதியான லா சப்பேலில் சாப்பிடலாம் என்று பெண்கள் இருவரும் ரூ காய் தெருவுக்கு வந்திருந்தார்கள்.

“இயற்கையை விடுங்க, மனுஷங்களச் சொல்றேன்” என்று ராஜலட்சுமி பையிலிருந்து நீலமூடி போட்ட ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

சட்னி வைக்க வந்த உணவகத்து ஈழத்துப் பையன் யோகநாதன் அதைப் பார்த்தான். “என்னக்கா, வரேக்கையே பார்சலுக்கு ஆயத்தமோ?”

“இது லக்சம்பர்க் டப்பா தம்பி!”

“ஓம், ஓம். அங்கையும் பார்சல் கட்டிப்போட்டியள்!” என்று சிரித்துக்கொண்டே அவன் அடுத்த மேசைக்குப் போனான்.

நடந்தது லக்சம்பர்க்கில், அந்தப் பாறைகளைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். ராம்பிரசாத் கார் சார்ஜ் போட ஓர் இடத்தில் நிறுத்தினான். கோவிந்தராஜனுக்கு முழங்கால் வலி, இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கட்டிக்கொண்டு போன புளிசாதம் பாறைச் சந்திலேயே தீர்ந்து போயிருந்தது. ராஜலட்சுமி மட்டும் காலாற நடந்தாள். அங்கே ஒரு தேவாலயம். பக்கத்துக் கூடத்தில் நீள மேசைகள், வெள்ளைத் துணி, வரிசையாகப் பாத்திரங்கள்.

“கோயில், பந்தி. வேற என்ன நெனைப்பேன்? போயி ஓரமா உக்காந்தேன். ஒருத்தர் ஏன்னு கேக்கல. ஒரு வயசான அம்மா தானே வந்து தட்டு வச்சாங்க. ‘நோ மீட்’னேன். உருளைக்கிழங்கு தட்டிப் பொரிச்சது ஒண்ணு போட்டாங்க. இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அப்புறம் கார்ல வீட்டுக்காரர் பசியோட இருக்கார்னு சைகை காட்டினேன். இந்த டப்பா நிறைய பீன்ஸ் சூப் ஊத்திக் கொடுத்தாங்க.”

“அண்ணன் சாப்பிட்டாராக்கும்?”

“எங்க! உள்ள கறித்துண்டு. ‘ஐயையோ’ன்னு ஒரே கூச்சல். வழியில பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, குப்பையில கவுத்துட்டு டப்பாவைக் கழுவினேன்.” சொல்லிச் சிரித்தாள். “இருங்க, போட்டோ காட்டறேன். எங்க குடும்ப குரூப்ல போட்டதும் அத்தனை பேரும் கைதட்டிட்டாங்க.”

போனை வாங்கிய மர்கரீத் கண்ணாடியை மாட்டினாள். படத்தில் ராஜலட்சுமி பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி அந்த மூதாட்டியின் தோளில் கை போட்டிருந்தாள். கீழே ‘லக்சம்பர்க்கில் அன்னதானம்!’ என்று எழுதியிருந்தது. மர்கரீத் படத்தைப் பெரிதாக்கினாள். பின்னால் ஒரு மேசை, அதில் எரியும் மெழுகுவத்தி, வெள்ளைப் பூ, சைக்கிளோடு நிற்கும் ஓர் இளைஞனின் படம்.

“ராஜி, இது யாரு?”

“உபயதாரரா இருக்கும். சாப்பாடு போட்டவர்.”

“எல்லாரும் கறுப்புல இருக்காங்க பாரு.”

“குளிர் ஊருதானே அக்கா...”

“மெ நோன், அப்படியில்ல ராஜி. இது சாவுச் சாப்பாடு. கல்லறையில வச்சுட்டு வந்து உறவுக்காரங்க உக்கார்ற மேசை.”

ராஜலட்சுமி போனைப் பிடுங்கிப் பார்த்தாள். “மாலை போடலையே அக்கா. யாரும் அழலையே...” என்றாள். சொல்லும்போதே அந்த அம்மாவின் கண்கள் சிவந்திருந்தது நினைவுக்கு வந்தது. அடுப்புப் புகை என்று அன்று நினைத்திருந்தாள்.

“அக்கா, நான் கெளம்பும்போது அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு ‘போய்ட்டு வரேன்’னு சொன்னேன். சாவு வீட்டுல! தமிழ்ல புரியாதுன்னு ‘அகெய்ன் கம்மிங்’னு வேற சொன்னேன்.”

குரூப்பில் படத்தை அழிக்கப் பார்த்தாள். எல்லாருக்கும் அழிக்கும் கெடு முடிந்துவிட்டிருந்தது. அத்தனை கைதட்டல்களும் அப்படியே இருந்தன.

“மன்னிப்புக் கேக்காம நான் பிளேன் ஏற மாட்டேன். இந்த டப்பாவையும் திருப்பணும். எப்படியாச்சும் வழி பண்ணுங்க.”

மர்கரீத் டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். ஊர்ச் சாப்பாட்டில் பாத்திரம் மாறிவிடாமல் இருக்க அடியில் பெயரும் போன் நம்பரும் ஒட்டியிருந்தன. நம்பரை அழுத்தினாள்.

“பசியில தெரியாம வந்து உக்காந்துட்டேன்னு சொல்லுங்க. உள்ளதச் சொல்லுங்க அக்கா, எதையும் மறைக்காதீங்க.”

மர்கரீத் பிரெஞ்சில் மெதுவாக, நீளமாகப் பேசினாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

“அந்த அம்மாவேதான் பேசுறாங்க. நீ உக்காந்தப்பவே தெரியுமாம், யாரோ வழியில போறவங்கன்னு. அவங்க மக உன்னை எழுப்பிவிட வந்தாளாம். ‘விடு, சாப்பிடட்டும்’னு இவங்கதான் தடுத்தாங்களாம்.”

ராஜலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“செத்தது அவங்க பையன். அன்னிக்கு யாரும் தட்டைத் தொடலையாம். நீ ஒருத்திதான் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டியாம். அப்புறம்...” மர்கரீத் தயங்கினாள். “அந்த பீன்ஸ் சூப் அவங்க கையால வச்சதாம். பையனுக்கு அதுன்னா உசிராம். உன் வீட்டுக்காரர் சாப்பிட்டாரா, பிடிச்சுதான்னு கேக்குறாங்க.”

ராஜலட்சுமியின் கண் முன்னால் பெட்ரோல் பங்க்கின் குப்பைத்தொட்டி வந்தது. டப்பாவைத் தட்டித் தட்டிக் கவிழ்த்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவியது, அதையே சற்றுமுன் சொல்லிச் சிரித்தது. உள்ளதைச் சொல்லச் சொன்னவள் அவளேதான். மர்கரீத் காத்திருந்தாள். போனுக்குள் அந்த அம்மாவும் காத்திருந்தாள்.

“சாப்பிட்டார்னு சொல்லுங்க” என்றாள் ராஜலட்சுமி, தட்டைப் பார்த்தபடி. “ஒரு சொட்டு விடாம சாப்பிட்டார்னு சொல்லுங்க.”

மர்கரீத் அவளை ஒரு கணம் பார்த்தாள். சொன்னாள். பேசி முடித்துப் போனை வைத்தாள்.

“அழுறாங்க, ராஜி. டப்பாவைத் திருப்ப வேணாமாம். நீயே வச்சுக்கணுமாம்.”

யோகநாதன் வந்து, அவள் தொடாமல் வைத்திருந்த தோசையைப் பார்த்தான்.

“ஆறிப்போச்சுது அக்கா. எடுக்கட்டோ? இல்லாட்டி உங்கடை டப்பாவுக்குள்ளை வைச்சுத் தரட்டோ?”

“வேணாம் தம்பி, அதுல வேணாம்” என்று அவள் பதறி டப்பாவை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். மறு கையால் தட்டை அருகே நகர்த்தி, விறைத்துப்போன தோசையைப் பிய்த்து வாயில் வைத்தாள். தண்ணீர் குடித்து இறக்கினாள். மர்கரீத்தின் முகத்தைப் பார்க்காமல், கடைசித் துண்டு வரை தின்றாள்.