கையெழுத்துக்கான இடம்

நுழைவுத்தேர்வில் தேறி, வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் இடமும் வாங்கிவிட்டாள் மகள். வெளிமாநிலத்துப் பிள்ளை என்றால் கட்டணம் மூன்று மடங்காம். பாடமும் மூன்று மடங்கா நடத்தப்போகிறார்கள்? சம்மதக் கையெழுத்துப் போடச் சொல்லி, காலையில் சேர்க்கைக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்திருந்தாள். சாயங்காலம் அவருடைய லேமினேஷன் கடைக்குப் போனபோது, அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் பளபளவென்று, சூடு ஆறாமல் கிடந்தது.

அவள் அதைக் கையில் எடுத்தாள். "என்னப்பா இது! இதுமேல பேனா ஓடுமா? எப்படிக் கையெழுத்துப் போடுவீங்க?"

"ஓடாதும்மா."

"தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

அப்பா இயந்திரத்தை அணைத்துவிட்டு, தினமும் ஊரார் சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்கும்போது சொல்வதையே அவளிடமும் சொன்னார்.

"பத்திரமா வச்சுக்கோம்மா. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."